ஓட்டிப் பார்க்காமலே பிழை பிடிக்கலாம்... ஏன் பிடிப்பதில்லை?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஏதோ ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கும். அதில் புரியாத ஆங்கிலத்தில் இரண்டு வரி, கீழே ஓ.கே. என்று ஒரு பட்டன். உடனே அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் வரும்: "என்னத்தடா அமுக்கின?" கீ போர்டுக்கு முன் உட்கார்ந்திருந்தவர் அந்த நொடியில் குற்றவாளி ஆகிவிடுவார். அவரும் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்.

நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். அந்தக் கட்டத்தில் வரும் பிழைகளில் ஒரு ரகம் இருக்கிறது. அது நீங்கள் எதையும் அமுக்கியதால் வந்ததல்ல. அதை எழுதிய என்னைப் போன்ற ஆட்கள், புரோகிராமை உங்கள் கையில் கொடுப்பதற்கு முன்பே, ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காமலே கண்டுபிடித்திருக்க முடியும். அதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியிருந்தும் பல இடங்களில் யாரும் பயன்படுத்துவதில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். பொறியியல் முடித்துவிட்டு முதலில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் எழுதுவது வேலை. பைத்தான் மொழியில் எழுதினோம். மளிகைக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி எங்கள் புரோகிராமுக்காகவே புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில், போன் வந்தது.

"தம்பி, மன்னிச்சுக்கோங்க. நான் ஏதோ தப்பாத் தட்டிட்டேன் போலிருக்கு. பெட்டி நின்னு போச்சு. எண்டரைத்தான் அமுக்குனேன், வேற ஒண்ணும் பண்ணலை."

அவர் சொன்னது உண்மைதான். எண்டரைத்தான் அமுக்கியிருந்தார். தப்பு என்னுடையது. வாடிக்கையாளரின் போன் நம்பரைக் கொடுத்தால் அவருடைய விவரத்தைத் தேடி எடுத்துத் தரும் ஒரு பங்ஷன் எழுதியிருந்தேன். அந்த நம்பர் பட்டியலில் இருந்தால் வாடிக்கையாளர் என்ற ஆப்ஜெக்ட் வரும். இல்லாவிட்டால் 'நன்' வரும். பைத்தானில் 'நன்' என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். பில் அச்சடிக்கும் இடத்தில், வந்தது ஆளா வெறும் கையா என்று பார்க்காமல், "உன் பெயர் என்ன?" என்று கேட்டிருந்தேன். ஆள் இருந்தால் பெயர் சொல்வார். வெறும் கை என்ன சொல்லும்? புரோகிராம் அங்கேயே படுத்துவிட்டது. அந்த ஒரு வாரமும் வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே பதிவு செய்த வாடிக்கைகள். சனிக்கிழமைதான் ஒரு புது ஆள் வந்திருக்கிறார்.

அன்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வகை உண்டு. புரோகிராமர்கள் அதை 'டைப்' என்பார்கள். 250 என்பது எண். முருகன் என்பது எழுத்துகளின் கோவை. 250-ஐ 2-ஆல் பெருக்கலாம், முருகனைப் பெருக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்று எழுதப்படும் பெரும்பாலான புரோகிராம்கள் 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' முறையைச் சார்ந்தவை. அதில் எண், எழுத்து போன்ற வகைகளோடு நாமே புதிய வகைகளையும் உருவாக்குகிறோம். அவற்றுக்கு 'கிளாஸ்' என்று பெயர். வாடிக்கையாளர் ஒரு கிளாஸ், பில் ஒரு கிளாஸ், சரக்கு ஒரு கிளாஸ். வாடிக்கையாளரிடம் பெயர் கேட்கலாம், பில்லிடம் மொத்தத் தொகை கேட்கலாம். சரக்கிடம் போய்ப் போன் நம்பர் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. இப்படி ஒரு வகையிடம் அதற்குச் சம்பந்தமில்லாததைக் கேட்பதுதான் டைப் பிழை.

நீங்கள் இதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். எக்ஸெலில் யாரோ எழுதிக் கொடுத்த மேக்ரோவை ஓட்டும்போது "ரன் டைம் எர்ரர் 13: டைப் மிஸ்மேட்ச்" என்று வந்ததா? எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்திருக்கிறது என்று அர்த்தம். "ரன் டைம் எர்ரர் 438" வந்ததா? இந்த ஆப்ஜெக்ட்டிடம் நீ கேட்கும் சமாச்சாரமே கிடையாது என்று அர்த்தம். விண்டோஸ் புரோகிராம்கள் சிலவற்றில் "ஆப்ஜெக்ட் ரெபரன்ஸ் நாட் செட் டு ஆன் இன்ஸ்டன்ஸ் ஆஃப் ஆன் ஆப்ஜெக்ட்" என்று ஒரு நீளமான வரி வருமே, அது என் அண்ணாச்சி கதையேதான்: ஆள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கை. இந்த மூன்று வரிகளிலும் உங்கள் பெயர் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, இதை எப்படி ஓட்டிப் பார்க்காமலே பிடிப்பது?

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தால் முதலில் ப்ரூப் வரும். வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மண்டபத்தின் பெயர் இருக்கிறது, தேதி இருக்க வேண்டிய இடத்தில் கிழமை மட்டும் இருக்கிறது என்று வட்டமிடுவார். இதைக் கண்டுபிடிக்கக் கல்யாணத்தை நடத்திப் பார்க்க வேண்டுமா என்ன? பத்திரிகையைப் படித்தாலே போதும். எந்த இடத்தில் என்ன வகைத் தகவல் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பெரியவர் செய்யும் வேலையைப் புரோகிராமுக்குச் செய்து தரும் சாப்ட்வேர்கள் இருக்கின்றன. இந்த முறைக்கு 'ஸ்டேட்டிக் அனாலிசிஸ்' என்று பெயர். அது உங்கள் புரோகிராமை ஓட்டாது. எழுதி வைத்திருக்கும் வரிகளைப் படிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் இது எந்த வகை என்று குறித்துக்கொள்ளும். பிறகு அந்தப் பெயர் பயன்படும் ஒவ்வொரு இடத்துக்கும் போய், இந்த வகையிடம் இதைக் கேட்கலாமா என்று பார்க்கும். 'இப்படியானால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று புரோகிராம் இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டு பாதையிலும் போகும். இதுதான் முக்கியம். நாங்கள் ஆபீசில் டெஸ்ட் செய்யும்போது எங்களுக்குத் தோன்றிய பாதையில் மட்டும்தான் போவோம். பழைய வாடிக்கையாளர் நம்பரைக் கொடுத்துப் பார்த்தோம், பில் வந்தது, டீ குடிக்கப் போய்விட்டோம். புது வாடிக்கையாளர் என்ற பாதை யாருக்கும் தோன்றவில்லை. கருவிக்குத் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை. இருக்கும் எல்லா வாசலையும் அது தட்டிப் பார்க்கும்.

இது புதிய சங்கதியும் இல்லை. 1970களின் இறுதியிலேயே அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் சி மொழிக்காக 'லின்ட்' என்ற கருவியை எழுதினார். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துணுக்குக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அந்தத் துணுக்குகளைப் பொறுக்கி எடுப்பது போலப் புரோகிராமில் உள்ள சந்தேக இடங்களைப் பொறுக்கி எடுப்பது அதன் வேலை. ஜாவாவுக்கு மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான 'பைண்ட் பக்ஸ்' 2000களில் பிரபலமாக இருந்தது. அதன் வாரிசு 'ஸ்பாட் பக்ஸ்'. பைத்தானுக்கு 'மைபை'. ஜாவாஸ்கிரிப்டுக்கு மைக்ரோசாப்ட் 2012-இல் வெளியிட்ட 'டைப்ஸ்கிரிப்ட்'.

அண்ணாச்சி கடைச் சம்பவத்துக்குச் சில மாதம் கழித்து ஒரு சீனியர் சொல்லித்தான் மைபை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. இன்ஸ்டால் செய்து ஓட்டினேன். "பிழை எதுவும் இல்லை" என்றது! சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் புரிந்தது: வகை எதுவும் குறிப்பிடாத பங்ஷன்களுக்குள் அது சாதாரணமாக எட்டிப் பார்ப்பதே இல்லை. ப்ரூப் பார்க்கும் பெரியவரிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்த கதை. அந்தத் தேடும் பங்ஷனின் தலைப்பில் "இது வாடிக்கையாளரைத் தரும், அல்லது நன் தரும்" என்று எழுதினேன். ஒரே வரி. பில் அச்சடிக்கும் பங்ஷனின் தலைப்பிலும் அதேபோலக் குறித்தேன். மறுபடி ஓட்டினேன். அந்தச் சனிக்கிழமை விழுந்த அதே வரியின் எண்ணைச் சொல்லி, "இங்கே நன் வரக்கூடும், அதனிடம் பெயர் கிடையாது" என்றது. கிளப்பிவிட்ட உற்சாகத்தில் மற்ற பங்ஷன்களின் தலைப்புகளையும் எழுதி முடித்தேன். அதே மாதிரி இன்னும் மூன்று இடங்கள் அகப்பட்டன. அவை எந்தெந்தக் கடையில் எந்தெந்தச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தனவோ!

இந்த வெறும் கைப் பிழைக்கு ஒரு பிறந்த கதை உண்டு. 1965-இல் ஆல்கால் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்துக்கொண்டிருந்த டோனி ஹோர், எந்த ஆப்ஜெக்ட்டையும் சுட்டாத ஒரு வெற்றுச் சுட்டியை அதில் சேர்த்தார். (இவர் பிறந்தது கொழும்பில் என்பது பலருக்குத் தெரியாது.) ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் எதுவும் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை மொழியே தானாகச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். ஆனால் வெற்றுச் சுட்டியைச் சேர்ப்பது மிகச் சுலபமாக இருந்ததால் ஆசைப்பட்டுச் சேர்த்துவிட்டதாக 2009-இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் அவரே சொன்னார். தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று அதற்குப் பெயரும் வைத்தார். பெரிய மனிதர், ஒத்துக்கொண்டார். அதன்பின் வந்த மொழிகள் பாடம் கற்றுக்கொண்டன. 2016-இல் கோட்லின் மொழியின் முதல் பதிப்பும், அதே ஆண்டில் டைப்ஸ்கிரிப்ட் 2.0-வும், 2019-இல் சி ஷார்ப் 8-உம், வெறும் கை வரலாமா கூடாதா என்பதையே வகையின் ஒரு பகுதியாக்கி, ஓட்டுவதற்கு முன்பே எச்சரிக்க வசதி செய்தன.

வெறும் கையைக் கண்டுபிடிப்பது எளிய வேலை. ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையில் இதைவிடக் கள்ளத்தனமான ஒரு டைப் பிழை உண்டு. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எனக்கே கல்லூரியில் இது புரியவில்லை, வேலைக்கு வந்தபிறகுதான் புரிந்தது.

மாம்பழம் ஒரு பழம். பலாப்பழமும் ஒரு பழம். புரோகிராமில் பழம் என்று ஒரு கிளாஸ் எழுதி, மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் அதன் பிள்ளைகளாக எழுதலாம். பழம் கேட்கும் இடத்தில் மாம்பழத்தைக் கொடுத்தால் தவறில்லை. இப்போது ஒரு கேள்வி. மாம்பழக் கூடை, பழக்கூடைதானே?

"இதில் என்ன சந்தேகம், ஆமாம்" என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு பையனைக் கூப்பிட்டு, "இந்தப் பழக்கூடையை எடுத்துக்கொண்டு போ" என்று உங்கள் மாம்பழக் கூடையைக் கொடுக்கிறீர்கள். அவன் அதிலிருந்து பழங்களை எடுத்து எண்ணிப் பார்த்தால் பிரச்சினை இல்லை. எடுப்பதெல்லாம் பழம்தான். ஆனால் அவன் வழியில் ஒரு பலாப்பழத்தை வாங்கிக் கூடையில் போட்டுவிட்டால்? அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனிடம் சொன்னது பழக்கூடை. பழக்கூடையில் பலாப்பழம் போடலாம். கூடை திரும்பி உங்களிடம் வருகிறது. நீங்கள் மாம்பழக் கூடை என்று நம்பி, பார்க்காமல் கையைவிட்டு ஒன்றை எடுத்து ஜூஸ் மெஷினில் போடுகிறீர்கள். மெஷின் என்ன ஆகும்?

ஆக, எடுக்க மட்டும் கொடுத்தால் மாம்பழக் கூடை பழக்கூடைதான். போடவும் அனுமதித்தால் இல்லை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதில் உலகப் புகழ்பெற்ற மொழிகளே சறுக்கியிருக்கின்றன. 1990களில் ஜாவா வந்தபோது, 'அர்ரே' எனப்படும் வரிசைகளில் மாம்பழ வரிசையைப் பழ வரிசை என்று கொடுக்கலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். எந்த வகை வரிசையைக் கொடுத்தாலும் வேலை செய்யும் பொதுவான பங்ஷன்களை எழுத அன்றைக்கு வேறு நல்ல வழி அந்த மொழியில் இல்லை. அதன் விலை என்ன தெரியுமா? யாராவது பலாப்பழத்தைப் போட்டால் புரோகிராம் ஓடும்போது பாதியில் 'அர்ரே ஸ்டோர் எக்ஸப்ஷன்' என்று நின்றுவிடும். அதாவது, எழுதுபவரின் மேஜையில் பிடித்திருக்க வேண்டியதை உங்கள் வீட்டு மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு வந்த சி ஷார்ப்பும் அதே வழியில் போனது. 2004-இல் ஜாவா 5 வந்தபோது 'ஜெனரிக்ஸ்' என்ற வசதி சேர்ந்தது. அந்த முறையில் எழுதிய மாம்பழப் பட்டியலைப் பழப் பட்டியல் என்று கொடுத்தால் கம்பைலரே மறுத்துவிடும். பழைய அர்ரே மட்டும் பழைய குணத்தோடு அப்படியே இருக்கிறது, ஏற்கெனவே எழுதப்பட்ட கோடு கெட்டுவிடக் கூடாதே!

மைபையும் இதையே செய்யும். மாம்பழ லிஸ்ட்டைப் பழ லிஸ்ட் கேட்கும் பங்ஷனுக்குக் கொடுத்தால் சண்டைக்கு வரும். புதிதாகப் படிப்பவர்கள் பலர் இங்கேதான் கோபித்துக்கொண்டு கருவியை மூடிவிடுகிறார்கள். "மாம்பழம் பழம் இல்லையா, இதற்கு மூளை இல்லையா" என்று. மூளை இருக்கிறது. அந்தப் பங்ஷன் பழத்தை எடுக்க மட்டும்தான் போகிறது என்றால், லிஸ்ட் என்று எழுதாமல் 'சீக்வென்ஸ்' என்று எழுதுங்கள் என்று அதுவே யோசனையும் சொல்லும். சீக்வென்ஸ் என்றால் பார்க்கலாம், எடுக்கலாம், போட முடியாது. உடனே ஒப்புக்கொள்ளும்.

இவ்வளவு நல்லதாக இருந்தால் எல்லோரும் ஏன் பயன்படுத்துவதில்லை? எங்கள் தொழிலில் இரண்டு பதில் சொல்வார்கள். ஒன்று, நேரமில்லை. இதை நான் ஏற்கவில்லை. என் முதல் நிறுவனத்திலும் இதையேதான் சொன்னார்கள்: அடுத்த வாரம் டெலிவரி, இப்போது வகை எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அண்ணாச்சி கடைக்கு இரண்டு முறை ஆள் அனுப்ப நேரம் இருந்தது. டிராப்பாக்ஸ் நிறுவனம் தன்னுடைய 40 லட்சம் வரி பைத்தான் கோடை மைபை மூலம் சரிபார்ப்பதாக 2019-இல் எழுதியது. அதைப் படிப்படியாகச் சில வருடங்களில் செய்தார்கள். அவர்களால் முடியும்போது சில ஆயிரம் வரி பில் புரோகிராமுக்கு நேரமில்லை என்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

இரண்டாவது பதில் கொஞ்சம் நியாயமானது. இந்தக் கருவிகள் எல்லாப் பிழையையும் பிடிப்பதில்லை, பிழையில்லாத இடத்திலும் சில நேரம் கத்துகின்றன என்பார்கள். உண்மை. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது என்ன செய்யும் என்பதை ஓட்டாமலே தவறின்றிச் சொல்லும் ஒரு பொதுவான முறை இருக்கவே முடியாது. இதற்கு அடிப்படையை ஆலன் டூரிங் 1936-லேயே கணிதமாக நிரூபித்துவிட்டார். ஆகவே இந்தக் கருவிகள் சந்தேகம் வந்தால் கத்துவது என்ற கொள்கையில் ஓடுகின்றன. வீட்டு நாய் சில நேரம் தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும். அதற்காக யாரும் நாயை விரட்டிவிடுவதில்லை.

எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பொதுவெளியில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்களில் சரிசெய்யப்பட்ட 400 பிழைகளை எடுத்துக்கொண்டார்கள். பிழை இருந்த பழைய கோடுக்குத் திரும்பிப் போய், வகைகளை எழுதிச் சேர்த்து, டைப்ஸ்கிரிப்ட் பிடிக்கிறதா, பேஸ்புக்கின் 'ப்ளோ' பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டுமே 15 சதவீதம் பிடித்தன. வெறும் 15தானா என்று சிலர் உதடு பிதுக்குகிறார்கள். எனக்கு அது பெரிய எண்ணாகத்தான் படுகிறது. அவை எழுதியவர் கண்ணில் படாமல் தப்பி, பொதுவில் போய்ச் சேர்ந்துவிட்ட பிழைகள். அவற்றில் நூற்றுக்குப் பதினைந்தை ஓட்டிப் பார்க்காமலே பிடிக்க முடியும் என்றால், வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? மீதி 85 இருக்கத்தான் செய்யும். 5 சதவீத வரி போட வேண்டிய சரக்குக்கு 18 போட்டுவிட்டால் மைபை வாயே திறக்காது. இரண்டும் எண்தானே. அதற்கு மனிதன்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வீட்டில் உங்களுக்கு இதில் வேலை உண்டா? எக்ஸெலில் மேக்ரோ எழுதுபவராக இருந்தால் நிச்சயம் உண்டு. இன்றைக்கே செய்து பாருங்கள். எக்ஸெலைத் திறந்து ஆல்ட் கீயையும் எப் 11 கீயையும் சேர்த்து அழுத்துங்கள். மேக்ரோ எழுதும் விண்டோ வரும். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், 'ரெக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன்' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். இனி நீங்கள் புதிதாகத் திறக்கும் மாட்யூல்களின் தலையில் 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' என்ற வரி தானாக வந்துவிடும். பழைய மாட்யூல்களில் நீங்களே அதை டைப் செய்ய வேண்டும். இதன்பிறகு அறிவிக்காத பெயரைப் பயன்படுத்தினால் எக்ஸெல் விடாது. எழுத்துப் பிழையால் உருவாகும் போலிப் பெயர்கள் அதோடு ஒழிந்தன.

அடுத்து, பெயர்களை அறிவிக்கும்போது வெறும் 'ஆப்ஜெக்ட்' என்று அறிவிக்காமல், அது செல்களைக் குறிப்பதென்றால் 'ரேஞ்ச்' என்று சரியான வகையைச் சொல்லி அறிவியுங்கள். பிறகு டீபக் மெனுவில் முதலில் இருக்கும் 'கம்பைல்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். 'வேல்யூ' என்பதை நீங்கள் எங்காவது எழுத்து மாற்றி அடித்திருந்தால், மேக்ரோவை ஓட்டாமலே அந்த இடத்தைக் காட்டி, அப்படி ஒன்று இந்த வகையில் இல்லை என்று சொல்லிவிடும். அதையே ஆப்ஜெக்ட் என்று அறிவித்திருந்தால் கம்பைல் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டும். ஓடும்போதுதான் 438 வரும். ஒரே பிழை, ஒரே வரி. வகையைச் சொன்னீர்களா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். எர்ரர் 13-ஐ மட்டும் இப்படி முழுதாக ஒழிக்க முடியாது. செல்லில் எண்ணுக்குப் பதில் யாராவது "நாளை தருகிறேன்" என்று எழுதி வைத்திருந்தால் எந்தக் கம்பைலுக்கும் முன்கூட்டித் தெரியாது. அதை மேக்ரோவிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பைத்தான் படிக்கிறார்களா? விஷுவல் ஸ்டூடியோ கோட் பயன்படுத்தினால் அதில் பைலான்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கும். செட்டிங்ஸில் 'டைப் செக்கிங் மோட்' என்று தேடி, அது 'ஆஃப்' என்று இருந்தால் 'பேசிக்' என்று மாற்றச் சொல்லுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் படித்தால் பைலின் முதல் வரியில் இரண்டு சாய்கோடு போட்டு, இடம் விட்டு, 'அட் டிஎஸ் ஹைபன் செக்' என்பதைக் குறியீடாக அடித்தால் போதும். சிவப்பு நெளிகோடுகள் வரிசையாக வரும். பயப்பட வேண்டாம். புதிதாகப் படிப்பவருக்கு இதெல்லாம் பாரம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அந்தப் 'பிறகு' அண்ணாச்சி கடையில்தான் வந்தது.

புரோகிராம் எழுதாதவர்கள் ஒன்று செய்யலாம். காசு கொடுத்து வாங்கிய சாப்ட்வேரில் அந்தக் கட்டம் வந்தால் ஓ.கே. அமுக்கி மறைத்துவிடாதீர்கள். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதி, விற்றவருக்கு அனுப்புங்கள். "நான் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டேன்" என்று மட்டும் தொடங்காதீர்கள். "உங்கள் புரோகிராம் இங்கே நின்றுவிட்டது" என்று தொடங்குங்கள். விற்பனைக்கு வருபவரிடம் "டைப் செக் செய்த புரோகிராமா?" என்று கேட்டும் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆபீசில் போய்க் கேட்பார். கேட்கும் ஆட்கள் பெருகினால் எங்கள் மேனேஜர்களுக்கு நேரம் கிடைத்துவிடும்.

அந்த நான்கு இடங்களையும் அன்றே திருத்தி எல்லாக் கடைகளுக்கும் அனுப்பினோம். அந்த நிறுவனத்தை விட்டு நான் வந்து சில வருடம் ஆகிறது. அண்ணாச்சியின் பெட்டி அந்தக் காரணத்துக்காக மறுபடி நின்றதில்லை. ஆனாலும் புது வாடிக்கையாளர் யாராவது வந்தால் இன்றும் எனக்கு ஒரு போன் வரும்.

"தம்பி, புது ஆளு வந்திருக்காரு. எண்டரை அமுக்கட்டுமா?"